பதினெட்டு வயதுக்குக் கீழே: ஒரு சட்டப்பிரிவும் சில பதிவேடுகளும்

சற்று நீண்ட பதிவு. பதின்வயதினரின் மனச்சோர்வு, தம்மைத்தாமே வருத்திக்கொள்ளுதல், தற்கொலை ஆகியவற்றை இந்த நாடு எப்படிப் பதிவு செய்துவந்திருக்கிறது என்பது பற்றியது. இப்போது மனம் கனத்திருப்பவர்கள் பிறிதொரு நாள் படித்துக்கொள்ளலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும், தமிழிலும், கட்டணமின்றிப் பேசலாம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 16ஆம் அத்தியாயம் மனித உடலுக்கு எதிரான குற்றங்களைப் பற்றியது. அதில் 305ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரின் தற்கொலைக்குத் துணைநின்றவருக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம் என்றது. பதினெட்டு நிரம்பாதவரோடு சித்தம் கலங்கியவர், சன்னி கண்டவர், போதையில் இருப்பவர் ஆகியோரும் அதே வரிசையில் வைக்கப்பட்டார்கள். தம் உயிரைக் குறித்துத் தாமே தீர்மானிக்கும் நிலையில் இவர்கள் இல்லை என்பது அப்பிரிவின் உட்கிடை. அங்கிருந்து நான்கு எண்கள் தள்ளி, கொலை முயற்சியைப் பேசும் பிரிவுகளுக்கு அடுத்து, 309 வருகிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவல். இங்கே வயதைப் பற்றிய பேச்சே இல்லை. ஏழு வயதுக்குட்பட்டவர் செய்வது குற்றமாகாது என்றும், ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவருக்குப் புரிதல் முதிரவில்லையென்றால் குற்றமாகாது என்றும் வேறு இரு பிரிவுகள் சொல்லின. அவ்வளவுதான். ஆகவே பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, இறந்துபோனால் தீர்மானிக்கும் திறனில்லாத குழந்தை, பிழைத்துக்கொண்டால் குற்றவாளி.

இந்த இரண்டு பிரிவுகளும் ஒரே நூலில், ஒரே அத்தியாயத்தில், 1862 ஜனவரி 1 முதல் 2024 ஜூன் 30 வரை அருகருகே இருந்தன. 162 ஆண்டுகளில் எத்தனையோ வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் இவற்றைக் கடந்து போயிருப்பார்கள். முரண் அவர்கள் கண்ணில் படவில்லை என்று நான் நினைக்கவில்லை. பதின்வயது என்ற ஒன்றை நம் சட்டமும் பதிவேடுகளும் மொழியும் தனியாகப் பார்க்கப் பழகியிருக்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பழக்கமின்மையின் வரலாறுதான் இப்பதிவு.

309-இன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே பொதுச் சட்டத்தின்படி தற்கொலை பெருங்குற்றம், முயற்சியும் தண்டனைக்குரியது. உயிர் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் உரியது, அதை ஒருவர் தாமாகப் போக்கிக்கொள்வது இருவரிடமிருந்தும் திருடுவது என்ற பழைய கருத்து அது. மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவு கண்டு, 1860-இல் நிறைவேறிய நம் தண்டனைச் சட்டம் இறந்தவரை விட்டுவிட்டு முயன்றவரை மட்டும் பிடித்துக்கொண்டது. முதலில் சிறையோடு அபராதமும் சேர்ந்தே இருந்தது. 1882-இல் செய்த சிறு திருத்தம் அதைச் ‘சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்’ என்றாக்கியது. இங்கிலாந்து 1961-இல் தன் சட்டத்தைக் கைவிட்டது. பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டங்கள் இங்கே 1920-இன் சென்னைக் குழந்தைகள் சட்டத்திலிருந்தே வரத் தொடங்கிவிட்டன. அவை விசாரிக்கும் இடத்தையும் அனுப்பும் இடத்தையும் மாற்றின. குற்றத்தின் பெயர் குற்றமாகவே நின்றது.

309-இன் கீழ் சிறை சென்ற பதின்வயதினர் மிகச் சிலராகவே இருக்க வேண்டும். இந்தப் பிரிவின் தீமை சிறைக்கூடத்தில் நிகழவில்லை. மருத்துவமனையின் முன்வாசலில் நிகழ்ந்தது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட பிள்ளையை இரவில் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பத்துக்குத் தெரியும், உள்ளே போனால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்று. தனியார் மருத்துவமனைகள் சில ‘இது போலீஸ் கேஸ்’ என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்புவது நம் ஊர்களில் எல்லோரும் அறிந்த வழக்கம். சேர்த்துக்கொண்டாலும், மருத்துவரிடம் சொல்ல ஒரு கதையைத் தயார் செய்துகொண்டுதான் பெற்றோர் போவார்கள். தவறி விழுந்தாள், மாத்திரை மாற்றிச் சாப்பிட்டுவிட்டாள், எதுவோ கடித்துவிட்டது. பெண்பிள்ளை என்றால் கதை இன்னும் கவனமாகத் தயாராகும். நாளைக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் காதில் விழக்கூடாதல்லவா? உடம்பு தேறியதும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், எதற்காகப் பார்க்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவத்தில் உறுதிப்பட்ட செய்தி. உதவி மிகத் தேவைப்படும் அந்த வாரங்களைத்தான் இச்சட்டம் மௌனத்தால் மூடியது.

மொழியியல் படித்தவரின் தொழிற்பழக்கம், இங்கே சொற்களிடம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ‘தற்கொலை’ என்பதில் கொலை இருக்கிறது. இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் சிறுசிறு உருமாற்றங்களோடு வழங்கும் ஆத்மஹத்யாவில் ஹத்தி இருக்கிறது. உருதுவில் வழங்கும் பாரசீகச் சொல்லான குத்குஷியிலும் கொல்லுதலே இருக்கிறது. சட்டம் 309-ஐக் கொலை முயற்சிக்கு அடுத்து வைத்தது போலவே நம் மொழிகளும் இச்சாவைக் கொலையின் ஒரு வகையாக வைத்திருக்கின்றன. தமிழில் உயிர்விடுதல், உயிர்துறத்தல், உயிர்மாய்த்தல் என்று கொலையை ஒட்டாத தொடர்கள் ஏராளம். ஆனால் காவல் நிலையமும் நாளிதழும் தேர்ந்துகொண்டது தற்கொலையைத்தான்.

நாளிதழ் என்றதும் நினைவுக்கு வருவது ‘தீராத வயிற்றுவலி’. தமிழ் நாளிதழ்களின் மாவட்டச் செய்திகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இத்தொடர் மனப்பாடம். தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டுவந்த இளம்பெண், பிறகு வரும் வினைமுற்று. விசாரணையின்போது குடும்பத்தார் சொல்லும் காரணம் அது. காவலரும் மேலே கேட்பதில்லை. செய்தியாளரும் அப்படியே எழுதிவிடுவார். கௌரவத்துக்கு ஊறு வராத, யாரையும் குற்றஞ்சாட்டாத காரணம். இதில் முழுப் பொய்யும் இல்லை. மனத்தின் வேதனை உடம்பின் வலியாக வெளிப்படுவது நம் நாட்டு மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. பல மாதம் வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வேறு என்ன வலித்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதிவேட்டில் அச்சாவு ‘நோய்’ என்னும் கட்டத்துக்குள் போய் அமர்ந்துகொள்ளும்.

வயிற்றுவலிக்கு இணையான இன்னொரு சொல் ‘மனமுடைந்து’. இதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். செய்தியில் அது எப்போதும் வினையெச்சமாகவே வரும். தந்தை திட்டியதால் மனமுடைந்து, மதிப்பெண் குறைந்ததால் மனமுடைந்து, காதலை வீட்டில் எதிர்த்ததால் மனமுடைந்து. எச்சம் என்றால் முடியாதது. முற்றுவினையைத் தேடி ஓடுவது. ‘ஏழு மாதங்களாக அவள் மனமுடைந்திருந்தாள்’ என்று முற்றுப்பெற்ற வாக்கியத்தை அந்தப் பத்திகளில் நான் கண்டதில்லை. மனம் உடைவதற்கும் சாவுக்கும் நடுவே காலமே இல்லாதது போல ஒரு தோற்றம் இந்த இலக்கணத்தால் உண்டாகிறது. மனச்சோர்வு என்பது காலம் எடுத்துக்கொள்ளும் நோய். தூக்கம் கெடும், பசி போகும், பிடித்தது பிடிக்காமல் போகும், வாரங்கள் கழியும். ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தாள்’ என்று சொல்லும் தாயின் வாக்கியமும் அந்த எச்சத்தின் இலக்கணத்தில்தான் அமைந்திருக்கிறது.

மன அழுத்தம் என்ற சொல்லும் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டுக்கும் பேச்சில் அதையே பயன்படுத்துகிறோம். அழுத்தம் என்றால் வெளியிலிருந்து ஏதோ அழுத்துகிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். தேர்வு முடிந்தால் சரியாகிவிடும், இடம் மாறினால் சரியாகிவிடும். மனச்சோர்வு அப்படி எடுத்துவிடக்கூடிய பாரம் அல்ல என்பதால்தான் இவ்விரண்டையும் சொல்லளவிலேனும் பிரித்து வைக்க வேண்டும் என்கிறேன்.

பருவத்தின் பெயருக்கு வருவோம். அடலசன்ஸ் என்பதைத் தனிப் பருவமாக நிறுவிய ஸ்டான்லி ஹாலின் பெருநூல் அமெரிக்காவில் வந்தது 1904-இல்தான். ‘வளரிளம் பருவம்’ நலத்துறை ஆவணங்கள் வழியாகப் பரவிய சொல். பழைய சொல்லான விடலைக்குச் சங்க காலத்தில் வீரன் என்ற மதிப்பு இருந்தது. இன்று அதில் கேலி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஆணுக்கு மட்டும். பெண்ணுக்கு இடைநிலையே கிடையாது. ஒருநாள் வரை சிறுமி, மறுநாள் ‘பெரியவளாகிவிட்டாள்’. உலா இலக்கியக்காரர்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்து, பதினான்கு முதல் பத்தொன்பது வரையிலானவளுக்கு மடந்தை என்று பெயரிட்டார்கள். பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்காக எண்ணப்பட்டவள்தான் என்றாலும், எண்ணப்பட்டாள்.

நவீன அரசின் கணக்கில் அவள் அந்த அளவுக்குக்கூட இல்லை. இந்தியாவில் விபத்து மரணங்களையும் தற்கொலைகளையும் பற்றிய ஆண்டறிக்கை 1967 முதல் வெளிவருகிறது. 1986-இல் அமைந்த தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பின்னர் அப்பணியை ஏற்றது. 2013 அறிக்கை வரை அதில் வயதுப் பிரிவுகள் இப்படி இருந்தன: 14 வரை, 15 முதல் 29 வரை, 30 முதல் 44 வரை, அதற்கு மேல். பதினாறு வயதுப் பள்ளி மாணவியும் இருபத்தெட்டு வயதில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் தாயும் ஒரே கட்டத்தில். இதை வைத்துக்கொண்டு பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. பதினெட்டுக்குக் கீழே என்ற கோடு அவ்வறிக்கையில் விழுந்தது 2014-இல். 305ஆம் பிரிவு அந்தக் கோட்டைப் போட்டு ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பிறகு.

கோடு விழும் முன்பே அதைத் தாமாகப் போட்டுப் பார்த்தவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையினர். ஊரகப் பணிக்காக அவர்கள் நெடுங்காலமாகப் பொறுப்பெடுத்திருந்த கணியம்பாடி ஒன்றியத்தில் சுமார் ஒரு இலட்சம் மக்கள். ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் நலப்பணியாளர் வழியாகத் துறைக்கு வந்துவிடும். யாராவது இறந்தால் வீட்டுக்குச் சென்று, குடும்பத்தாரோடும் அக்கம்பக்கத்தாரோடும் பேசி, எப்படி நேர்ந்தது என்று மருத்துவ நோக்கில் கேட்டறிவார்கள். காவலர் சீருடை இல்லை, வழக்கு இல்லை, பல ஆண்டுகளாக வீட்டுக்கு வந்துபோகும் முகம். அப்படித் திரட்டிய 1992 முதல் 2001 வரையிலான பத்தாண்டுக் கணக்கில், 10 முதல் 19 வயது வரையிலானவர்களை மட்டும் தனியே எடுத்து 2004-இல் லான்செட் இதழில் சிறு கட்டுரையாக வெளியிட்டார்கள். பெண்பிள்ளைகளில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 148 பேர். ஆண்பிள்ளைகளில் 58 பேர். அந்த ஆண்டுகளில் எல்லா வயதினரையும் சேர்த்துக் காவல்துறைக் கணக்கு காட்டிய தேசிய விகிதம் இலட்சத்துக்குச் சுமார் 10. அவ்வயதில் இறந்த பெண்பிள்ளைகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரை இறந்தது இவ்வாறுதான்.

ஓர் ஒன்றியத்தின் கணக்கை நாட்டின் கணக்காகக் கொள்ள முடியாது, தெற்கின் விகிதம் எப்போதும் கூடுதல் என்றெல்லாம் மறுப்பு எழலாம், நியாயமானதே. 2012-இல் விக்ரம் படேலும் மற்றவர்களும் அதே இதழில் நாடு தழுவிய ஆய்வை வெளியிட்டார்கள். பதிவாளர் நாயகத்தின் மாதிரிக் கணக்கெடுப்பில் வந்த இறப்புகளை இதே போல வீடு தேடிக் கேட்டு அமைத்த கணக்கு. 2010-இல் காவல்துறை காட்டியது ஏறத்தாழ 1,34,600. இவர்கள் மதிப்பிட்டது ஏறத்தாழ 1,87,000. ஆண்களில் குறைந்தது நூற்றுக்கு 25 பேரும் பெண்களில் குறைந்தது 36 பேரும் அரசுக் கணக்கில் விடுபட்டிருந்தார்கள். இவ்வாறு இறந்த பெண்களில் நூற்றுக்கு 56 பேர் 15 முதல் 29 வயதுக்குள் இருந்தவர்கள். எந்த வயதுப் பெண்கள் அதிகம் இறந்தார்களோ, பெண்களின் இறப்புதான் அதிகம் மறைந்தும் இருந்தது. வயிற்றுவலி எங்கே போயிற்று என்று இப்போது ஓரளவு தெரிகிறது.

நீதிமன்றங்களும் ஆணையங்களும் இதற்கிடையே நடந்த தொலைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 309 தேவையில்லை என்று சட்ட ஆணையம் தன் 42ஆம் அறிக்கையில் 1971-இலேயே கூறிவிட்டது. அதையொட்டிய திருத்த மசோதா 1978-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை எடுத்துக்கொள்ளும் முன் 1979-இல் அவையே கலைக்கப்பட்டு, மசோதா காலாவதியாயிற்று. ஓர் ஆட்சிக் கவிழ்ப்பின் ஓரத்தில், யாருமே எதிர்க்காமல் நழுவிப்போன சீர்திருத்தம் அது. அந்த நழுவலுக்கு நாம் நாற்பது ஆண்டு விலை கொடுத்தோம்.

1985-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இளைஞன் ஒருவன் மீதான 309 வழக்கு ராஜிந்தர் சச்சார் முன் வந்தது. அவர் அதைத் தள்ளுபடி செய்து எழுதிய சில பத்திகள் இந்த வரலாற்றிலேயே பதின்வயதினருக்கு மிக அருகில் வந்த சட்ட எழுத்து. இளைஞன் ஒருவனை இந்நிலைக்குத் தள்ளியதற்காக நாணித் தலைகுனிய வேண்டிய சமூகம், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவனைக் குற்றவாளிகளோடு கலக்கவிட்டு மகிழ்கிறது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் 309 செல்லாது என்றது. 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வும் அதையே சொன்னது. 1996-இல் ஐவர் அமர்வு அதைப் புரட்டி, 309 செல்லும் என்றது. கௌரவமாக வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்பது அவ்வமர்வின் தர்க்கம். தத்துவமாகப் பார்த்தால் அது வலுவானதே. ஆனால் விவாதம் முழுவதும் ‘உரிமை’ என்ற மேடையில் நடந்தது. பதினைந்து வயதுப் பெண் எவ்வுரிமையையும் நிலைநாட்ட அந்த இரவில் முனையவில்லை என்பதைச் சொல்ல அந்த மேடையில் இடமில்லை.

சட்ட ஆணையம் 2008-இல் தன் 210ஆம் அறிக்கையில் மீண்டும் கேட்டது. கடைசியில் வழி வேறு பக்கத்திலிருந்து திறந்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவர்மீது வழக்கோ தண்டனையோ கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது. 2018-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆறு ஆண்டுகள் 309-உம் 115-உம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது 309 இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யும் தற்கொலை முயற்சி மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாகத் தொடர்கிறது. குழந்தையின் தற்கொலைக்குத் துணைபோவது பற்றிய பழைய 305 இப்போது 107.

சட்டம் மாறிவிட்டது. நம் பார்வையில் இன்னொரு மறைப்பு மிச்சமிருக்கிறது. பதின்வயதினரின் தற்கொலை என்றதும் இன்று எல்லோர் மனத்திலும் எழுவது தேர்வுக்குப் படிக்கும் பையன், பயிற்சி மையம், கோட்டா நகரம். ஊடகம் அங்கே இருக்கிறது, நீதிமன்றமும் அங்கே பார்க்கிறது. 2023 ஆகஸ்டில் கோட்டா நிர்வாகம் பயிற்சி மையங்களின் தேர்வுகளை இரண்டு மாதம் நிறுத்தச் சொன்னது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் 16 வயதுக்குட்பட்டவரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக்கூடாது என்று வழிகாட்டியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு பேருக்குக் குறையாமல் படிக்கும் கல்வி நிறுவனங்களில் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்றது. இவை தேவையானவை, ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2021-இன் அரசுக் கணக்கைப் பாருங்கள். பதினெட்டுக்குக் கீழே இறந்தவர்கள் 10,732 பேர். அவர்களில் தேர்வுத் தோல்வியைக் காரணமாகக் காட்டியது 864. நூற்றுக்கு எட்டு. முதற்காரணமாகப் பதிவானது ‘குடும்பப் பிரச்சினைகள்’.

குடும்பப் பிரச்சினைகள் என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடலாம். அடி, குடிகாரத் தந்தை, கைபேசியைப் பிடுங்கியது, பள்ளியை நிறுத்தியது, விருப்பமில்லாத திருமணப் பேச்சு, வெளியே சொல்ல முடியாத பாலியல் துன்பம், எவரும் கவனிக்காத மனநோய். எல்லாம் ஒரே வரி. படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு ‘மாணவர்’ என்ற கட்டத்தில் இடமில்லை. பதினேழில் மணமுடித்துவிட்டால் ‘இல்லத்தரசி’. மாணவர் தற்கொலை என்று நாம் தனியே எண்ணிக் கவலைப்படும் எண்ணிக்கையில் அவள் எங்குமே வரமாட்டாள். கணியம்பாடியின் 148 என்ற எண் பெரும்பாலும் இவர்களைப் பற்றியதே என்பது என் கருத்து.

தடுக்க முடிகிறதா என்று கேட்டால், முடிந்த இடங்கள் உண்டு. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் தவறியவர்களுக்கு அதே கோடையில் துணைத்தேர்வு என்ற ஏற்பாடு வந்தபோது, ஓர் ஆண்டு வீணாகும் என்ற அச்சம் பல வீடுகளிலிருந்து நீங்கியது. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’, தேர்வு முடிவு வரும் நாட்களின் முக்கியத்துவத்தைத் தொடர்ந்து பேசிவந்தது. இலங்கை 1980-கள் தொடங்கி மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அதன் தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பதின்வயதின் கொந்தளிப்பு பல நேரம் சில மணி நேரத்தில் அடங்கக்கூடியது. அந்தச் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமலிருப்பதே ஓர் உயிருக்குப் போதும். உழவர் வீட்டுப் பெண்பிள்ளையைப் பாதுகாக்க வேளாண் துறைக்கு இருக்கும் வலிமை கல்வித் துறைக்கு இல்லை என்றுகூடச் சொல்வேன்.

கடைசியாக ஓர் ஆய்வு. பிகாரின் நாளந்தா மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த அதன் முடிவுகள் 2018-இல் லான்செட்டில் வந்தன. ஒரே மனநலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் அங்கேயே பணிபுரியும் ஆசிரியர் வழியாகவும், சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்திய உள்ளூர் ஆலோசகர் வழியாகவும் நடத்தினார்கள். அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்களோ உளவியலாளர்களோ இல்லை. அவர்கள் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, அடிதடியும் ஏளனமும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் மாற்றமே இல்லை. மதிப்பெண் போடுபவரிடம், நாளை அப்பாவை அழைத்து வரச் சொல்லக்கூடியவரிடம், பிள்ளை எதைச் சொல்லும்? அத்திட்டத்தின் பகுதியாகப் பள்ளியில் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் மனத்தில் இருப்பதைத் தாளில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை.